நாலு டயரும் ஒரு கிடாவும்

கார் பள்ளத்தில் இறங்கியதற்கு நான் காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வடமதுரையில் யாரைக் கேட்டாலும், "மாவுக்கார சுகன்யா காரை ரோட்டுல சுத்தவிட்டுட்டா" என்றுதான் சொல்வார்கள். அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் ஊரில் இல்லை. மழையில் நனைந்த ரோடு, பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிற கார், தார் முழுக்க இட்லி மாவு, அதை நக்கிக்கொண்டிருக்கிற நாய்கள். வீடியோ எடுத்தவன் சிரிக்கிற சத்தமும் அதில் இருக்கிறது. "பொம்பள கையில ஸ்டியரிங்கக் குடுத்தா இப்படித்தான்" என்று அவன் சொல்வது தெளிவாகக் கேட்கும். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அவன் தலையிலேயே ஒரு வாளி மாவைக் கவிழ்ப்பேன்.

நான் செய்வது மாவு வியாபாரம். விடிவதற்கு முன்னால் பாக்கெட் போட்டு, காரின் பின்சீட்டை மடக்கி ட்ரேக்களை அடுக்கி, வடமதுரையிலிருந்து திண்டுக்கல் நாகல் நகர் வரைக்கும் கடை கடையாக இறக்குவேன். கார் சின்னது, பழையது, என் மாவுக் காசில் வாங்கியது. ரோட்டில் எந்த மேடும் பள்ளமும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. பின்னால் இருக்கிற மாவே சொல்லிவிடும். பிரேக்கைப் பக்குவமாக மிதித்தால் பாக்கெட் அசையாமல் இருக்கும். வெடுக்கென்று மிதித்தால் ஒன்றிரண்டு வாய் பிளந்துவிடும், அப்புறம் புளிப்பு நாற்றம் ஒரு வாரத்துக்குப் போகாது. அப்படி நாற்றமடிக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டியவள் நான். என்னைத்தான் ஓட்டத் தெரியாதவள் என்கிறார்கள்.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. என் கொழுந்தன் முகேஷ்குமார் வடமதுரையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். இவன், "மதினி, வண்டிய நான் ரெடி பண்ணித் தாரேன், உங்களுக்கு சர்ப்ரைஸ்" என்று சாவியை வாங்கிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு கூட்டாளியின் ஷெட்டுக்குக் கொண்டுபோனான். நான் பாவி, சீட்டுக்குப் புது உறை போடுவான், ஒரு பாட்டுப் பெட்டி வைப்பான் என்று நினைத்துவிட்டேன்.

வண்டி திரும்பி வந்தபோது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வருகிற சத்தம் மட்டும் தெருமுனையிலேயே கேட்டது. சைலன்சரை மாற்றியிருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து அலறி எழுந்தது.

"எப்படி மதினி? பர்பார்மன்ஸ் ஏத்தியாச்சு. இனிமே கார்னர்ல சும்மா ஒட்டிக்கிட்டுப் போகும்."

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டிட்டோம். வண்டி எம்புட்டுக்கு எம்புட்டு எறங்குதோ, அம்புட்டுக்கு அம்புட்டு கிரிப்பு. யூடியூப்ல பாருங்க, எல்லாரும் இதான் பண்றாங்க."

அவன் பார்த்த யூடியூபை நானும்தான் பார்க்கிறேன். கிரைண்டரில் மாவு ஆடுகிற நேரத்தில் எனக்கு வேறென்ன வேலை? அதில் நல்லது சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இவனைப் போல அரைகுறைகளும் இருக்கிறார்கள். வெட்டின ஸ்பிரிங்கில் எடை ஏற்றினால் வண்டி அடியில் போய் இடிக்கும் என்று சொல்கிறவரை இவன் பார்க்கவே மாட்டான். சக்கரங்களை மாற்றி, யாரோ கழற்றிப் போட்ட பெரிய அலாய் வீலையும் அகல டயரையும் மாட்டியிருந்தான். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் அது எந்த வருஷம் செய்தது என்று எண் அடித்திருப்பார்கள். குனிந்து பார்த்தேன். அந்த டயர் பிறந்தபோது முகேஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். நகத்தால் அழுத்தினேன், கல்லை அழுத்துகிற மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது பிரேக்கைப் பார்த்தபோதுதான். வெளியே தெரிகிற பாகத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தான். உள்ளே பேட் தேய்ந்து தகடாகக் கிடந்தது. பெயின்ட் அடிக்கக் கழற்றினவன் பேடை மாற்றக் கூடாதா?

சின்ன காரை நன்றாக ஓடவைக்கப் பெரிய செலவே வேண்டாம். ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான், அதுவும் நாலு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு. அதனால் முதலில் நல்ல டயர். அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவிலேயே போதும். அடுத்தது பிரேக் பேட். அப்புறம் உயிர்போன ஷாக் அப்சர்பரை மாற்றி, முழு ஸ்பிரிங்கைப் போட்டு, சக்கரங்கள் நேராக நிற்க அலைன்மென்ட் பார்த்து, காற்றைச் சரியாக வைத்தால் முடிந்தது. அதற்குமேல் ஒரு ஸ்டிக்கர்கூடத் தேவையில்லை. இதை அன்றைக்கே வீட்டில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் சிவபிரகாஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாமரைப்பாடி பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். "சின்னப் பய ஆசையாப் பண்ணிருக்கான். செத்த நேரம் சும்மா இரு. வண்டி நல்லாத்தான இருக்கு" என்றார்.

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தாலே தெரியுதுல்ல."

பார்த்தாலே தெரியுதாம்! மாமனார் ஆண்டிச்சாமி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஏத்தா, ஆம்பளைக பாத்துச் செஞ்ச வேல. நீ மாவப் பாரு" என்றார். முகேஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். பரிசு கொடுத்தவனை நான் அவமானப்படுத்திவிட்டேனாம்.

சரி, நானே சரி செய்துகொள்கிறேன் என்று மறுநாள் மாவு இறக்கின கையோடு திண்டுக்கல்லில் ஜெகபர் அலி கடைக்குப் போனேன். டயர், அலைன்மென்ட் எல்லாம் பார்ப்பவர். வேலை சுத்தமாக இருக்கும். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா இது முகேஷ் தம்பி பண்ணுன வேல. நான் பாட்டுக்குக் கழட்டிப்புட்டா நாளைக்கு அவுக வந்து சண்டைக்கு நிப்பாக. வீட்டுல ஆம்பளைய ஒரு போன் போடச் சொல்லுங்க, உடனே செஞ்சு தாரேன்."

"பாய், காசு நான் குடுக்குறேன். வண்டி நான் ஓட்டுறேன். ஆம்பள எதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மில்லில் மெஷின் சத்தத்துக்கு நடுவே, "வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்றைக்குப் பேசியிருக்கிறார்? அடுத்த வாரமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர்களுக்கு மழை வெயில் தெரியுமா? இட்லி தினமும் வேகத்தானே வேண்டும்.

பள்ளத்தில் இறங்கின அன்றைக்கு நான் வேகமாகப் போகவே இல்லை. சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிற வளைவில் ஒரு பெரியவர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். பக்குவமாகத்தான் மிதித்தேன், என் பிள்ளைகள்மேல் சத்தியம். வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது ஒரு பக்கம் போகிறது, பின்பக்கம் இன்னொரு பக்கம் வருகிறது. சைக்கிள்காரரைத் தொடாமல் பள்ளத்துக்குத் திருப்பினதே பெரிய காரியம். அந்தப் பெரியவர் பின்னால் வந்து, "நல்லவேள தாயி, எங்கிட்ட வராமத் திருப்பிட்டீக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது வீடியோவில் இல்லை. மாவைத்தான் எடுத்திருக்கிறான்.

காரை இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். பெரிய மாமா, சின்ன மாமா, அவர்களுடைய சம்சாரங்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாமனார் என் கண்ணெதிரிலேயே சாவியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ ஓட்ட வேணாத்தா. மாவப் போட ஒரு ஆள் வச்சுக்குவோம். இல்லாட்டி முகேஷு காலையில ஒரு நட போட்டுட்டு வரட்டும்."

ஆள் வைத்தால் எனக்கு மிஞ்சுவது என்ன? முகேஷ் காலை ஒன்பது மணிக்கு எழுந்திருப்பவன். அவன் மாவு போட்டால் நாகல் நகரில் மத்தியானம்தான் இட்லி வேகும். சாவி போனால் என் வியாபாரம் போச்சு. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"மாமா, டயர் பழசு. அதான் வழுக்குச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன்.

"டயரு வட்டமாத்தான இருக்கு?" என்றார் பெரிய மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

மாமனார் சிரிக்கவில்லை. வண்டிக்கு ஏதோ தோஷம், வாங்கின பிறகு கருப்பருக்கு ஒன்றும் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். அய்யலூர் தாண்டி ரோட்டோரத்தில் எங்கள் வகையறாவின் கருப்பர் கோயில் இருக்கிறது. யார் வீட்டில் வண்டி வாங்கினாலும், எங்கேயாவது இடித்தாலும் அங்கேதான் போவோம். வண்டிக்காக ஒரு கிடா வெட்டி, சாவியைச் சாமி காலடியில் வைத்து எடுப்பது வழக்கம். அப்படி எடுத்துத் தருகிற சாவியை யார் கையில் வாங்குகிறார்களோ அவர்கள்தான் வண்டியை ஓட்ட வேண்டும். வியாழக்கிழமைச் சந்தைக்குப் போய்க் கன்னங்கரேலென்று ஒரு கிடா பிடித்து வந்தார்கள். அந்தக் கிடா விலைக்கு நாலு டயரும் வாங்கி மீதியில் பேடும் போட்டிருக்கலாம். அதைச் சொன்னேன். "சாமி காரியத்துல கணக்குப் பாக்காத" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். எனக்குச் சாமிமேல் ஒரு கோபமும் இல்லை. சாமியா ஸ்பிரிங்கை வெட்டினார்?

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் அண்டா குண்டானோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். தோஷம் வண்டிக்கு என்பதால் அந்தக் காரும் சாமி முன்னால் போய் நிற்க வேண்டுமாம். முகேஷ் ஓட்டினான். முன்சீட்டில் மாமனார். பின்சீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், எங்களுக்குப் பின்னால் டிக்கியில் கிடா. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை எடைக்கு அந்த வெட்டின ஸ்பிரிங் தாங்குமா? ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் மேலே போய் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் கிடா கத்தியது.

"முகேஷு, மெதுவாப் போ" என்றேன்.

"மதினி, நீங்க பயந்த மாதிரி எல்லாரும் பயப்படணுமா? கண்ண மூடிக்கிட்டு ஒக்காருங்க."

அய்யலூருக்கு முன்னால் ரோடு லேசாக வளைகிற இடத்தில் ஒரு லாரியைத் தாண்டப் போனான். அதற்கு முன்னால் போன டிராக்டர் இவனுக்குத் தெரியவில்லை. பிரேக்கை அமுக்கினான். எனக்கு அந்தச் சத்தம் தெரியும், அந்த வழுக்கலும் தெரியும். பின்பக்கம் கழன்று போகிற மாதிரி வெளியே விலகியது. வண்டி அரைச் சுற்றுச் சுற்றி, ரோட்டின் நடுவில் வளர்த்திருக்கிற அரளிச் செடிகளுக்குள் போய் நின்றது. நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு முழம் தள்ளிப் போனது.

யாருக்கும் அடியில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, பொய் சொல்வானேன்? இனிமேல் ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாதே என்று நினைத்தேன்.

முகேஷ்தான் முதலில் வாய் திறந்தான். "கிடா டப்புன்னு அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. அதான் வெயிட்டு மாறிருச்சு."

"ரோட்டுல எவனோ எண்ணெயக் கொட்டிருக்கான்" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு முகேஷின் தோளில் தட்டினார். "நல்லவேள, நீ ஓட்டுனடா. வேற யாரும் ஓட்டிருந்தா வண்டி கவுந்திருக்கும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். நான் சுற்றினால் நான் பொம்பளை. அவன் சுற்றினால் கிடா சாய்ந்துவிட்டது, எவனோ எண்ணெய் கொட்டிவிட்டான்! வேற யாரும் என்றால் யார்? அதே வண்டி, அதே டயர், அதே மழை. நான் ஒரு மனுஷனைத் தப்பவிட்டுப் பள்ளத்தில் இறக்கினேன். இவன் குடும்பத்தையே லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவனுக்கு முதுகில் தட்டு, எனக்கு வாட்சப்பில் சிரிப்பு. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அதனால் திறக்கவில்லை. அழுதால் அதையும் பயம் என்றுதான் சொல்வார்கள்.

வண்டியைத் தள்ளித் திருப்பிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. காரைச் சாமிக்கு நேராக நிறுத்தினார்கள், பம்பரில் அரளிக் கிளை ஒன்று சிக்கியபடியே. பொன்னழகு பூசாரி சாவியை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். கிடாவுக்கு மாலை போட்டு, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, முதுகில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சிலுப்பாமல் யாரும் வெட்ட மாட்டார்கள்.

கிடா சிலுப்பவில்லை. மாலையை எட்டி ஒரு பூவைத் தின்றது.

இன்னொரு செம்பு ஊற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. மாமனார் கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "அப்பனே கருப்பா, ஏதும் கொற இருந்தா மன்னிச்சுக்க. மருமக இனிமே வண்டிச் சாவியத் தொடமாட்டா. எங் கொலம் மேல சத்தியமாத் தொடமாட்டா. உத்தரவு குடு சாமி."

கிடா மூத்திரம் பெய்தது. வேனில் வந்த பிள்ளைகள் சிரிக்க, ஒரு அத்தை அதட்டினாள்.

முகேஷ் தன் பங்குக்கு வெண்கல மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டினான். என் வீட்டுக்காரர் அடுத்த வருஷமும் கிடா வெட்டுவதாகச் சொன்னார். செம்பு செம்பாக ஊற்றினார்கள். மழையும் சேர்ந்து நனைத்தது. கிடா எங்கள் எல்லாரையும் ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டு மென்றபடி நின்றது. அண்டாவில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "ஆண்டிச்சாமிண்ணே, வீட்டுல யாருக்கோ மனத்தாங்கல் இருக்கு. அத உள்ள வச்சுக்கிட்டுக் கிடா கேட்டா சாமி குடுக்க மாட்டாரு. யாருன்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் அதுவும் வழக்கம்தான். கிடா நின்றுவிட்டால் பங்காளிச் சண்டையிலிருந்து சீர் செய்யாத கோபம் வரைக்கும் அந்த இடத்திலேயே பேசித் தீர்ப்பார்கள். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"சொல்லுத்தா" என்றார் மாமனார். "என்ன வேணும் ஒனக்கு? நகையா?"

நகையா! அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"எனக்கு நாலு டயரு வேணும்" என்றேன். சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "பிரேக்குக்குப் பேடு வேணும். வெட்டுன ஸ்பிரிங்கத் தூக்கி வீசிட்டு முழுசா வேணும். ஆயுத பூஜையில இருந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், ஒரு நாயி கேட்டுச்சா? நீங்க கேட்டீகளா மாமா? மாவப் பாருன்னீக. இவுக கேட்டாகளா? போனை வச்சுட்டாக. செத்த முன்னாடி லாரிக்கு அடியில போயிருப்போம், அப்பவும் கிடா மேல பழி! என்னைய மட்டும் ஊரே பாத்துச் சிரிக்க விட்டுட்டீகளே. எனக்கு ஓட்டத் தெரியும் சாமி. இவனுக்கு வண்டியச் சரி பண்ணத் தெரியாது, இவுகளுக்கு அத ஒத்துக்கத் தெரியாது. சாவிய எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. இல்லாட்டி இந்தக் கிடாய அவுத்து விட்டுட்டு எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போங்க!"

கிடா சிலுப்பியது. கொம்பிலிருந்து வால் வரைக்கும் உதறின உதறலில் பூசாரி வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

பெண்கள் குலவை போட்டார்கள். மாமனார் கண்ணில் நீரோடு கீழே விழுந்து கும்பிட்டார். "கருப்பா! டயர மாத்தச் சொல்லி நீயே உத்தரவு குடுத்துட்டியா! மாத்திர்றோம்பா, நாளைக்கே மாத்திர்றோம்!" பூசாரி சாவியை எடுத்துத் திருநீற்றோடு என் கையில் போட்டார். முகேஷ்கூட, "சாமியே சொல்லிருச்சு மதினி, நான் என்ன சொல்ல?" என்று தலையைச் சொறிந்தான்.

தொப்பலாக நனைந்த ஆடு எப்போதாவது உதறத்தான் செய்யும். அது என் பேச்சைக் கேட்டு உதறியதோ, ஈ கடித்து உதறியதோ, எனக்குத் தெரியாது. சாவியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். இந்த வீட்டில் மாடாக உழைத்த என் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மரியாதை, சந்தையில் பிடித்து வந்த ஆட்டின் முதுகுக்கு இருக்கிறதே!

மறுநாள் என் வீட்டுக்காரரே லீவு போட்டுவிட்டு ஜெகபர் அலி கடைக்குக் கூட வந்தார். "பாய், சாமி உத்தரவு. எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார். பாயும் மறு பேச்சில்லாமல் வண்டியைத் தூக்கினார். நான் அதே இடத்தில் நின்று அதே பட்டியலைச் சொன்னபோது நடக்காதது, மத்தியானத்துக்குள் நடந்துவிட்டது. முழு ஸ்பிரிங், புது ஷாக் அப்சர்பர், பேட், கம்பெனி அளவில் நாலு டயர். அலைன்மென்ட் பார்த்து இறக்கினதும் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு திரும்பியது. நேராக விட்டால் நேராகப் போனது. இவ்வளவுதான் நான் கேட்டது.

அந்த வாரத்திலேயே நல்ல மழை பிடித்தது. காலையில் மாவோடு கிளம்பும்போது வீட்டுக்காரரும் ஏறிக்கொண்டார். மில்லில் இறக்கிவிடச் சொன்னார். தாமரைப்பாடிக்கு முன்னால் ஒரு எருமை தடதடவென்று ரோட்டில் ஏறியது. மிதித்தேன். வண்டி நேராக, வம்பில்லாமல் நின்றது. பின்னால் ஒரு பாக்கெட்கூடச் சாயவில்லை. எருமை ஆடி அசைந்து கடந்து போனது.

அவர் நெஞ்சில் கையை வைத்தார். "பாத்தியா? கருப்பரு காப்பாத்திட்டாரு."

நான் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன்.

"என்னாச்சு?"

"கருப்பரு காப்பாத்துனது இருக்கட்டும். டயர மாத்தணும்னு மொதல்ல சொன்னது யாரு?"

"இப்ப எதுக்கு அது? ஷிப்டுக்கு நேரமாச்சு, மில்லு கேட்ட அடச்சுருவான்."

"அடைக்கட்டும்."

கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "சரி, நீதான் சொன்ன. நாங்க கேக்கல. தப்பு எங்க மேலதான், போதுமா?"

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? உங்க அப்பாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க."

முறைத்தார். நான் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் போட்டார். இரண்டாவது மணியிலேயே மாமனார் எடுத்தார்.

"அப்பா… ஒண்ணுமில்லப்பா. அந்த வண்டி விஷயம். அன்னைக்குப் பள்ளத்துல எறங்குனதுல சுகன்யா மேல தப்பு இல்லப்பா. டயருதான். அவ சொன்னதுதான் சரி."

"அது எனக்குத் தெரியாதாடா?" என்றார் மாமனார். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "மறுநாளே போயி டயரத் தொட்டுப் பாத்துட்டேனே. கல்லாட்டம் கெடந்துச்சு. அதுக்காக அவகிட்டப் போயி ஆமான்னு சொல்லச் சொல்றியா? ஒருவாட்டி ஒத்துக்கிட்டா அப்புறம் வீட்டுல என் பேச்சு எடுபடுமா?"

என் வீட்டுக்காரர் அவசரமாகப் போனை அணைக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நான் சுகன்யா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுத் தகரத்தில் விழுகிற மழை. மாமனார் கனைத்தார்.

"மழ பெய்யுது… பாத்து ஓட்டுத்தா."

"எப்பவும் பாத்துத்தான் ஓட்டுறேன் மாமா. அன்னைக்கும் பாத்துத்தான் ஓட்டுனேன்" என்றேன். அவர் "ம்" என்று சொல்கிறவரைக்கும் நான் சாவியை வண்டியில் போடவில்லை.